கிழவிக் கூறு

1974-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மாசி மகம் கழிந்த பிறகு, என் அக்கா தன் முதுமைக்காக ஒரு கணக்கு தொடங்கினாள். எங்கள் குப்பத்தில் அப்படி ஒன்றைத் தொடங்கிய முதல் ஆள் அவள்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாடு போட்ட தேதி, முகத்துவாரம் மணல் மூடிய தேதி, அதை வெட்டித் திறந்த தேதி என்று எதையாவது குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அந்தக் குறிப்புகளில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அக்காவின் கணக்கைப் பற்றிய வரிகளைத்தான்.

பாடு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி ஓடாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் கூடை நிறையும். உள்ளே போகப் போகக் குறையும். நல்ல இடத்துக்கு எல்லோரும் போட்டி போட்டால் மண்டை உடையும். அதனால் எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஆண்டுக்கு ஒரு முறை குப்பத்தார் கூடிச் சீட்டு எடுப்போம். அதுதான் பாடு போடுவது. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் அதில் ஒரு பங்கு. வயதாகியோ அடிபட்டோ தண்ணீரில் இறங்க முடியாமல் போனால், அவன் கரையில் உட்கார்ந்திருந்தாலும் குழு அவனுக்கு அரைப் பங்கு கொடுக்கும். பென்ஷன் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் ஏற்படுத்திய பென்ஷன் அது. நான் எத்தனையோ நாட்டுச் சரித்திரம் படித்திருக்கிறேன். எங்கள் பாட்டன்மார் செய்த இந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும்.

ஆனால் அந்தப் பங்கு ஆணோடு முடிந்துவிடும். அக்காவின் வீட்டுக்காரர் காமாலையில் இறந்தபோது அவளுக்குப் பிள்ளை இல்லை. மகன் இருந்தால் அவன் பங்கில் சாப்பிட்டிருப்பாள். இல்லாததால் கூடை தூக்கினாள். விடிவதற்குள் கரையில் மீன் எடுத்து, தோணியில் பழவேற்காட்டுக்கு வந்து, பஸ் ஏறி, பொன்னேரிக்கு இந்தப் பக்கம் நெல் விளையும் ஊர்களில் தெருத்தெருவாக விற்பாள். தலையில் கூடையும் இடுப்பில் சுருக்குப்பையுமாக அவள் நடக்கிற நடை எனக்குத் தெரிந்த எந்த ஆணுக்கும் வராது. அப்போது அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு அவளைவிட ஒன்பது வயது குறைவு. அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம்.

பழவேற்காட்டுப் படிப்பகத்தில் ஒரு நாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி பார்த்தேன். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அவர்கள் கம்பெனி பணம் பிடித்துவைப்பதுபோல, முதலாளி என்று யாரும் இல்லாதவர்கள் தாங்களே கட்டிச் சேர்க்கும் வருங்கால வைப்பு நிதி ஒன்று இருக்கிறது என்றும், சென்னையில் ஒரு பெரிய வங்கியில் அதற்குக் கணக்கு தொடங்கலாம் என்றும் போட்டிருந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். சாயங்காலம் அக்கா கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"யாரு தருவா?" என்றாள்.

"யாரும் தர மாட்டாங்க. நீதான் கட்டணும்."

"நானே கட்டி நானே வாங்கிக்கிறதுக்கு பேப்பர்ல வேற போடறானா?"

"வட்டி போட்டுத் தர்றான்க்கா. ஆனா பதினஞ்சு வருஷம் கட்டணும்."

"பதினஞ்சு வருஷமா! அதுக்குள்ள நான் போய்ட்டேன்னா?"

"யாரு பேரு எழுதிக் குடுக்கறியோ அவங்களுக்கு வரும். என் பேரு எழுதலாம்."

"அப்டிச் சொல்லு! அதான் இவ்ளோ தூரம் ஓடியாந்தியா?" என்று ஈரக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

என் மனைவி தன் பங்குக்கு வாசலில் இருந்து சொன்னாள்: "அண்ணி, இவரு படிச்சதையெல்லாம் நம்பாத. போன மாசம் தேனீ வளக்கலாம்னாரு. உப்பங்காத்துல தேனீ எங்கடா வரும்னு ஊரே சிரிச்சுது."

சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா கூடையின் மேலேயே உட்கார்ந்தாள். "கூடையச் சாவற வரைக்கும் தூக்க முடியாது தம்பி. முட்டி இப்பவே சொல்லிக்கினு கீது. அப்பறம் நான் எங்க போறது? உன் வூட்லதான் தட்டத் தூக்கிக்கினு உக்காரணும்."

"உக்காரேன். யாரு வேணாம்னா?"

"நீ வேணாம்னு சொல்ல மாட்ட. அவளும் சொல்ல மாட்டா. எனக்குத்தான் வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மார்ச்சுக்குள் தொடங்கியாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கணக்கில் பதினைந்து ஆண்டு என்பது, கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகு எண்ணப்படுவது. நிதியாண்டு மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. மார்ச்சில் தொடங்கினால் 1989 ஏப்ரலில் பணம் கையில். சோம்பேறித்தனமாக ஏப்ரலில் போய்த் தொடங்கினால் 1990 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மாதச் சோம்பலுக்கு ஒரு முழு ஆண்டு. வங்கிக்குக் கடிதம் போட்டு இதை உறுதிசெய்துகொண்டேன். தேதி பார்க்கிற கிறுக்கு என்று என்னைக் கேலி செய்தவர்களுக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு எனக்குள் ஒரு பதில் கிடைத்தது.

பாடு போட்டு முடிந்த நான்கைந்து நாளில் கிளம்பினோம். பாடு போடுகிற சமயம்தான் குப்பத்தில் கையில் காசு புரளும். நல்ல இடம் விழுந்தவர்களுக்கு இறால் வியாபாரிகள் முன்பணம் கொடுப்பார்கள். அவர்கள் மீன்காரப் பெண்களிடம் கைமாற்றாக வாங்கியதைத் தீர்ப்பார்கள். தோணி, பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். அக்கா துவைத்த சீலை கட்டி, தலையில் பூ இல்லாத குறைக்குப் பவுடர் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருந்தாள். வங்கியில் ஒரு இளைஞர் படிவத்தை எழுதினார்.

"தொழில் என்னம்மா?"

"யாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"கிட்ட வந்தா தெரிஞ்சிருக்குமே. மீனு."

அவர் சிரித்துவிட்டார். "யார்கிட்ட வேலை பாக்கறீங்க?"

"என்கிட்டதான்."

"முதலாளி யாருன்னு கேக்கறேன்."

"நானுந்தான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சொந்தத் தொழில் என்று எழுதிக்கொண்டார். கைநாட்டு வைக்கும்போதுதான் சிக்கல் வந்தது. வருடக் கணக்காக இறால் உரித்தும் செதில் சீவியும் அவள் பெருவிரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது. மையைத் தொட்டு வைத்தால் கருப்பாக ஒரு பொட்டு விழுந்தது. கோடு எதுவும் இல்லை. மூன்று முறை வைக்கச் சொன்னார். நான்காவது முறை அக்கா, "இடது கைய எடுத்துக்கோ சார், அது அவ்ளோ ஒழைக்கல" என்றாள். இடது கை ரேகை நன்றாகவே விழுந்தது. தெளிவாக விழுந்தால் எந்தக் கையானாலும் போதும் என்று பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் பிறகு சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது பாஸ் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா கேட்டாள்: "வருஷத்துக்கு ஒரு தபா கட்டினாப் போதுமில்ல?"

"போதும்."

"அப்ப பாடு போட்டதும் வந்துடறேன். வருஷம் பொறக்கறதுக்கு அதான் அடையாளம்."

மாசி மகம் கழிந்து பாடு போடுவோம். அது எப்போதும் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். எனவே அது சரியான ஏற்பாடாகத்தான் பட்டது.

*

ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவதற்கு அன்றாடம் சேர்த்தாக வேண்டும். அதற்கு அக்கா கண்டுபிடித்த வழிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் தெருவில் மீனை எடை போட்டு விற்பதில்லை. சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்துவைப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. கூறுக்கு ஒரு விலை சொல்வார்கள், பேரம் பேசிக் குறைப்பார்கள். கணக்கு தொடங்கிய மறுநாளிலிருந்து அக்கா ஊருக்குள் நுழைந்ததும் போடும் முதல் கூறைத் தனியாக ஒரு தாமரை இலையில் வைத்தாள். மடவையில் பெரியதாக இரண்டு, கிழங்கான் ஒரு கை, சமயத்தில் ஒரு நண்டு. மற்றக் கூறுகளைவிட அது கொஞ்சம் நிறைவாக இருக்கும். அதன் காசு சுருக்குப்பையில் போகாது. மடியில் தனி முடிச்சில் போகும். அந்த முடிச்சிலிருந்து ஒரு வெற்றிலைகூட வாங்க மாட்டாள்.

ஒரு முறை எனக்குப் பொன்னேரி தாலுகா ஆபீசில் வேலை இருந்ததால் அவளுடன் போனேன். ஒரு தெருவில் நெல் அவித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எழுந்துவந்து அந்த இலையைக் காட்டினாள்.

"இது இன்னா வெல மீன்காரம்மா?"

அக்கா சொன்னாள்.

"அடி ஆத்தி! பக்கத்துக் கூறு அதுல பாதி சொன்னே?"

"இது கெழவி கூறு. இதுல மீனும் கூட, வெலையும் கூட. பேரம் கெடையாது."

"எந்தக் கெழவிக்கு?"

"எங்க வூட்டுக்கு ஒரு கெழவி வரப்போறா. அவளுக்குச் சோறு போட ஆளில்ல. நான்தான் போடணும்."

"உன் மாமியாளா?"

"மாமியாளா இருந்தா இவ்ளோ நல்ல மீனா வெப்பேன்?" என்றாள் அக்கா. அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரி காதில் விழும்படி, "அவளுக்கே அவ சேத்து வெக்கறாடி" என்று சொல்லிக்கொண்டே கேட்ட காசைக் கொடுத்து இலையோடு எடுத்துப் போனாள்.

இரண்டு மூன்று ஆண்டில் அந்தப் பக்கத்து ஊர்களில் கிழவிக் கூறு பேர் எடுத்துவிட்டது. வீட்டில் விருந்தாளி வந்தால் அதைத்தான் கேட்பார்கள். அறுவடைக் காலத்தில் காசுக்குப் பதில் நெல் அளப்பார்கள். கிழவிக் கூறுக்கு அளக்கும்போது மட்டும் மரக்காலின் மேலே ஒரு கை கூடுதலாகக் குவித்து, "கெழவி பசியா கீவா" என்பார்களாம். அக்கா அந்த நெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து பழவேற்காட்டில் விற்று, காசை முடிச்சில் சேர்ப்பாள். மழைக்காலத்தில் மீன் குறைந்த நாட்களில், கூடையில் மொத்தமே நாலு கூறு தேறினாலும், முதல் கூறு அந்தக் கிழவிக்குத்தான்.

*

1979 பிப்ரவரி கடைசியில் கரையேற்றி வைத்திருந்த படகு முட்டுக்கொடுத்த கட்டையிலிருந்து நழுவி என் வலது காலில் விழுந்தது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டார்கள். என் மனைவி முதல் சில வாரம் என்னுடன் இருந்தாள். பிறகு வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள். என் குழு ஒரு நாளும் தவறாமல் என் அரைப் பங்கை வீட்டுக்கு அனுப்பியது. தண்ணீரில் கால் வைக்காமல் பங்கு சாப்பிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. எனக்கு அது உரிமை. யாரும் தர்மம் செய்யவில்லை. அந்த நினைப்பு கட்டுப்போட்ட காலுக்கு எத்தனை தெம்பு தந்தது என்பதைக் கட்டிலில் கிடந்தபடி உணர்ந்தேன். அக்கா தனக்காகக் கட்டிக்கொண்டிருப்பதும் இதைத்தான் என்று அப்போது முழுதாகப் புரிந்தது.

ஆனால் பாதிச் சோறு பாதிச் சோறுதான். மனைவி அக்காவுடன் கூடை தூக்கக் கிளம்பினாள்.

அந்த ஆண்டு குப்பத்தில் நேரத்துக்குப் பாடு போடவில்லை. ஒரு இடம் யாருக்கு என்று எங்களுக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் தகராறு. கழி தூக்கிக்கொண்டு ஏரியில் இரண்டு பக்கமும் நின்றார்களாம். பொன்னேரி வரை பஞ்சாயத்து போயிற்று. மாசி போய், பங்குனி போய், சித்திரையில்தான் சமாதானமாகிச் சீட்டு எடுத்தார்கள். எடுத்த மூன்றாம் நாள் அக்கா முடிச்சை எடுத்துக்கொண்டு, ஐந்து ஆண்டும் செய்ததுபோலவே சென்னைக்குக் கிளம்பினாள், இந்த முறை தனியாக. பாடு போடாமல் வருஷம் எப்படித் திரும்பும்? அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

வங்கியில் இருந்தவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, போன வருஷத்துக்குப் பணம் கட்டாததால் கணக்கு நின்றுவிட்டது, மனு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். மனு எழுதிக்கொண்டு வா என்று சொல்லி எந்த ஆபீசிலும் எங்களுக்கு ஒரு காரியம் நடந்ததில்லை. அது வாசலைக் காட்டுகிற மரியாதையான முறை என்றுதான் குப்பத்தில் எல்லோருக்கும் நினைப்பு. அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். போட்டதெல்லாம் போனது என்று முடிவு செய்து, கொண்டுபோன பணத்தை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்து சில நாளில் என் மனைவிதான் கேட்டாள்: "அண்ணிக்கு இன்னா ஆச்சுய்யா? நாலு நாளா கெழவி கூறு போடறதில்ல. அந்த நெல்லு வூட்டம்மா கேட்டதுக்கு, கெழவி செத்துட்டான்னு சொல்லுது."

கோலை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அக்கா நடந்ததைச் சொன்னாள். கண்ணீர் இல்லை. "அஞ்சு வருஷம் போச்சு. போவட்டும். முட்டி கீற வரைக்கும் தூக்கறேன். அப்பறம் உன் வூடு கீதே" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகு எனக்குக் கால் வலி தெரியவில்லை. நானே மனு எழுதினேன். மறுநாள் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். தோணியில் என்னை மூட்டை மாதிரி ஏற்றி இறக்கினார்கள். வங்கியில் இந்த முறை வேறொரு அதிகாரி இருந்தார். மனுவைப் படித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். பணம் எங்கேயும் போகவில்லை. விட்டுப்போன ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகையும், ஒரு சின்ன அபராதமும் கட்டினால் கணக்கு மறுபடி உயிர்பெறும். பதினைந்து ஆண்டுக் கணக்கும் மாறாது, 1989 ஏப்ரல்தான்.

அக்கா அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, "அபராதம் எதுக்கு சார்?" என்றாள்.

"வருஷம் முடியறதுக்குள்ள கட்டலையேம்மா."

"வருஷம் எப்டி முடியும்? எங்க ஊர்ல பாடு போட்டதே போன வாரந்தான்."

"பாடுன்னா?"

அக்கா சொன்னாள். சீட்டு, இடம், குழு, தகராறு, கழி எல்லாம். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "நல்ல முறையாத்தான் இருக்கு. ஆனா கவர்மெண்டுக்கு வருஷம் மார்ச் முப்பத்தொண்ணோட முடிஞ்சிடும்மா" என்றார்.

"ரெண்டு குப்பத்துக்காரன் அடிச்சிக்கினதுக்கு நான் அபராதமா?"

"அதான் சட்டம்."

"சரி. ஒரு கூறு நாறிப்போச்சுன்னு வெச்சிக்கிறேன்" என்று முடிச்சை அவிழ்த்தாள்.

பணம் கட்டி, முத்திரை விழுந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால், என் மனைவி அதே மேசையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "நானும் ஒண்ணு போட்டுக்கிறேன் சார்" என்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்குமே" என்றேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி உன் கால் நல்லா இருந்துது, நான் வூட்ல இருந்தேன். கம்முனு இரு" என்றாள். அதிகாரி படிவத்தில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டிலிருந்து அக்கா பாடு போடும் நாளை நம்பவில்லை. பாடு போடும் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, ஓரமாக நிற்பார்கள். 1980-இல் அவள் ஓரத்தில் நின்றபடியே குப்பத்துப் பெரியதனக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்: "நீங்க எப்ப வோணா போட்டுக்குங்க, எப்ப வோணா அடிச்சிக்குங்க. என் வருஷம் மார்ச்சுல முடியுது. நான் போய்க் கட்டிட்டு வந்துட்டேன்." கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் பெரியதனக்காரர் அவளைத் தோணித்துறையில் பார்த்தால், "இன்னாம்மா, கெவுருமெண்டு வருஷம் முடிஞ்சிதா?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் தன் மருமகளையும் கூட்டிப்போகச் சொல்லி அக்காவிடம் பணம் கொடுத்தனுப்பினார்.

*

1984 கடைசியில் வந்த புயலில் என் படகு போயிற்று. கரையில் கட்டியிருந்ததை அலை எடுத்து, ஏரிக்குள் தூக்கிப்போட்டு, முதுகெலும்பை முறித்துவிட்டது. பலகைகளைப் பொறுக்கி வந்து அடுக்கிவைத்த அன்று அக்கா வந்தாள். அந்தக் கணக்கில் சில ஆண்டு கழிந்தால் ஒரு பகுதியை நடுவில் எடுக்க வழி உண்டு. அதை அவளுக்குச் சொன்னதே நான்தான்.

"எடுத்துத் தரேன். படகு கட்டு" என்றாள்.

"வோணாம்க்கா. கெழவி கிட்டேர்ந்து நான் எடுக்க மாட்டேன்."

"கெழவி நான்தானேடா? நானே தரேங்கறேன்."

"நீ இன்னும் கெழவி ஆவல. அது அவ துட்டு. அவகிட்ட கேக்கணும்னா இன்னும் நாலு வருஷம் இருக்கணும்."

அக்கா காலடியில் கிடந்த ஒரு பலகையைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு, "பேசக் கத்துக்கினு கீறே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இரண்டு பருவம் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனேன். மனைவியின் கூடை வீட்டைத் தாங்கியது. 1987-இல் சொந்தப் படகை மறுபடி தண்ணீரில் இறக்கினேன். அந்த மூன்று ஆண்டும் அக்காவின் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கழிக்கப்படவில்லை. நான் வாழ்க்கையில் செய்த காரியங்களில் சொல்லிக்கொள்ளும்படி எது என்று கேட்டால், செய்யாமல் விட்ட இதைத்தான் சொல்வேன்.

1989 ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னைக்குப் போனோம். கணக்கை முடித்து வாங்கிய தொகையை அப்படியே பொன்னேரித் தபால் ஆபீசில், மாதாமாதம் வட்டி கையில் தரும் திட்டத்தில் போட்டோம். அது வந்து அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதை நான் படித்து வைத்திருந்தேன். பெரிய பணம் என்று சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு அரிசிக்கும் எண்ணெய்க்கும் வெற்றிலைக்கும் மருந்துக்கும் போதும். எனக்கு அதைப் பார்த்தபோது அரைப் பங்கு நினைவுக்கு வந்தது. குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத அரைப் பங்கை அவளே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதல் மாத வட்டி வரும்வரை அக்கா கூடையை விடவில்லை. வந்த பிறகு ஒரு நாள் கூடை தூக்கினாள், சொல்லிவிட்டு வருவதற்காக. என் மனைவி கூடவே போயிருந்தாள். நெல் அவிக்கும் அந்த அம்மாள் அன்று இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, பதினைந்து ஆண்டாகக் கேட்டதையே கேட்டாளாம்: "கெழவி எப்பத்தான் வர்றா?"

"வந்துட்டா. நாளையிலேர்ந்து வூட்லதான் இருப்பா" என்றாளாம் அக்கா. அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு படி புது அரிசி கொண்டுவந்து அவள் மடியில் கொட்டியிருக்கிறாள். கிழவிக்காம்.

அதற்கு ஒரு வாரம் கழித்துக் காலையில் நான் வலை உலர்த்திக்கொண்டிருந்தேன். என் மனைவி கூடையோடு தோணித்துறைக்குக் கிளம்பினாள். பக்கத்து வாசலில் இருந்து குரல் வந்தது.

"ஏ மீன்காரம்மா! இன்னா மீனு?"

அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் கூடையை இறக்கினாள்.

"இன்னாக்கா இது?" என்று எனக்குக் கோபம் வந்தது. "காலைல நான் புடிச்ச மீனு. உனக்கு நான் தர மாட்டேனா? வூட்டு மீனத் துட்டு குடுத்து வாங்குவியா?"

"நீ உன் வேலையப் பாரு. இத்தினி வருஷம் தெருவுல நின்னு வெலை சொல்லிட்டேன். வாசல்ல உக்காந்து கேக்கறது எப்டி கீதுன்னு பாக்கணும்" என்றாள். பிறகு மனைவியிடம், "கூறு போடும்மே" என்றாள்.

மனைவி தரையில் கூறு போட்டாள். முதல் கூறைத் தனியாக இலையில் வைத்தாள். மடவை இரண்டு, கிழங்கான் ஒரு கை, ஒரு பச்சை நண்டு. அக்கா அதைத்தான் காட்டினாள். மனைவி விலை சொன்னாள்.

"அய்ய! இன்னா அநியாயம்! பக்கத்துக் கூறு அதுல பாதிதானே?"

"இது கெழவி கூறு அண்ணி. கொறைக்க மாட்டேன்."

அக்கா நண்டைத் தூக்கி அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தாள். மீனின் செவுளைத் திறந்து பார்த்தாள். உதட்டைச் சுளித்தாள், எழுந்து போகிறவள் மாதிரி பாதி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தான் தெருவில் பார்த்த பேரத்தையெல்லாம் அன்று அவள் செய்து பார்த்தாள். மனைவி ஒரு காசு இறங்கவில்லை.

கடைசியில் சுருக்குப்பையைத் திறந்து, சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். மனைவி அதை மடியில் தனி முடிச்சில் போடும்வரை பார்த்திருந்துவிட்டு, இலையோடு மீனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு நண்டு இல்லாம வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.